செட்டியார் தோட்டத்துச் செட்டியார் யார்?

பாடாங் செராய் வட்டாரத்துத் தோட்டங்களுக்குக் காகிதத்தில் ஒரு பெயர் இருக்கும், பேச்சில் வேறொரு பெயர் இருக்கும். விக்டோரியா, ஹென்ரியாட்டா என்ற வெள்ளைக்காரப் பெயர்கள் இன்றும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் நிற்கின்றன. ஆனால் பால்மரம் சீவிய குடும்பங்களிடம் பேசினால் தோட்டங்கள் முதலாளியை வைத்தே அடையாளப்படும்: வெள்ளைக்காரன் தோட்டம், சீனன் தோட்டம், செட்டியார் தோட்டம். முதலிரண்டின் வரலாற்றையும் ஓரளவு எளிதாகத் தொடரலாம். வெள்ளைக்காரத் தோட்டம் பெரும்பாலும் லண்டனில் பதிவான கம்பெனியின் உடைமை. அதற்கு ஆண்டறிக்கையும் பங்குதாரர் பட்டியலும் இருக்கும். சீன முதலாளிக்கு ஊரில் கடையும் சங்கமும் இருக்கும். பினாங்கில் கல்லறையாவது இருக்கும். செட்டியாரைத் தேடினால் இப்படிப் பிடி எதுவும் கிடைப்பதில்லை. அவர் யார், எந்த ஊர், அந்த நிலத்தில் போட்ட பணம் யாருடையது என்று கேட்டால் பதில் 'செட்டியார்' என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது.

அந்தக் கேள்வியைத்தான் இந்தக் கட்டுரை துரத்துகிறது. ஒரு தோட்டத்தின் கதையைச் சொல்வது என் நோக்கமல்ல. ஒரு செல்வக் குடும்பம் தன் பணத்தைக் கடல் கடந்து எப்படி ஆண்டது, அந்த ஆட்சியில் உறவுகள் எந்த இடத்தில் நின்றன என்பதை எந்தெந்தக் காகிதங்கள் வழியாகக் கண்டுபிடிக்க முடியும் என்பதே தேடல்.

தொடங்க வேண்டிய இடம் நில அலுவலகம். பாடாங் செராய் கூலிம் மாவட்டத்தைச் சேர்ந்தது. கெடா 1909 வரை சயாமின் மேலாண்மையில் இருந்து, அந்த ஆண்டின் ஒப்பந்தத்தால் பிரிட்டிஷ் செல்வாக்குக்குள் வந்த சுல்தான் நாடு. அதனால் அதன் நில ஆவணங்கள் பேராக்கிலோ சிலாங்கூரிலோ உள்ளவை போல முதலிலிருந்தே ஆங்கில அச்சில் வார்க்கப்பட்டவை அல்ல. பழைய உரிமைப் பத்திரத்தின் பெயர் 'சூராட் புத்துஸ்', அதாவது முடிவாகத் தீர்த்துக் கொடுத்த பத்திரம். எழுத்து ஜாவி, அதாவது அரபு வரிவடிவில் எழுதிய மலாய். தேதி ஹிஜ்ரி ஆண்டில் இருக்கும். நில அளவு ஏக்கரில் அல்லாமல் 'ரெலோங்' கணக்கில் இருக்கும். ஒரு ரெலோங் சுமார் 0.71 ஏக்கர். இதை மறந்து எண்ணை மட்டும் படிப்பவருக்கு 100 ரெலோங் நிலம் 100 ஏக்கராகத் தெரியும். உண்மையில் அது 71 ஏக்கர்தான். முதலாளியின் செல்வத்தைப் பற்றி வாய்வழியாக வரும் பெரிய எண்களை இந்த அளவுகோலில் வைத்து ஒருமுறை பார்ப்பது நல்லது.

தேதிக்கும் இதே கவனம் தேவை. செட்டியார் வீட்டுக் கணக்கு அறுபதாண்டுச் சுழற்சியின் தமிழ் வருடப் பெயரில் நடந்தது, கெடா அரசின் காகிதம் ஹிஜ்ரியில் நடந்தது, பினாங்கு வங்கியும் வழக்கறிஞரும் ஆங்கிலத் தேதியில் எழுதினார்கள். ஹிஜ்ரி 1349 என்பது 1930 மே இறுதியில் தொடங்கி 1931 மே நடுவில் முடிகிறது. அதே காலத்தின் பெரும்பகுதி தமிழில் பிரமோதூத வருடம். கடைசி ஒரு மாதம் பிரசோற்பத்தி. ஆகவே பேரேட்டில் 'பிரமோதூத, பங்குனி' என்று இருக்கும் கடனையும் நில அலுவலகத்தில் 1349 என்று இருக்கும் அடமானத்தையும் ஒன்றுதான் என்று சொல்வதற்கு முன் மூன்று நாட்காட்டிகளும் ஒரே நாளில் வந்து நிற்க வேண்டும். நின்றால் அது சான்று. ஓரிரு மாதம் தள்ளி நின்றால் வெறும் ஊகம்தான்.

இத்தனைக்கும் பிறகு நிலப் பத்திரம் தருவது என்ன? ஒரு பெயர், அதற்கு முன் சில தலைப்பெழுத்துகள், பல இடங்களில் 'அவருடைய பவர் ஏஜெண்டு' என்று இன்னொரு பெயர். நிலம் யார் பேரில் பதிவு என்று இதிலிருந்து தெரிகிறது. யார் பணம் என்று தெரியவில்லை. இரண்டும் ஒன்றே என்று எடுத்துக்கொண்டால் தேடல் முதல் வாசலிலேயே வழிதவறிவிடும்.

அடுத்த தடயம் அந்தத் தலைப்பெழுத்துகள். நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், வழக்கில் அதற்கு விலாசம் என்று பெயர். நாம் இன்று சொல்லும் வீட்டு முகவரி வேறு. இது தொழிலின் பெயர். உதாரணமாகப் பழனியப்பன் மகன் சுப்பிரமணியன் நடத்திய கடைக்குப் 'பழ. சுப.' என்று விலாசம் இருக்கும். அவர் மக்கள் பாகம் பிரித்துக்கொண்டால் ஒருவர் 'பழ. சுப. மு.' என்றும் மற்றவர் 'பழ. சுப. ராம.' என்றும் நீட்டிக்கொள்வார்கள். விலாசம் ஒரு வம்சாவளியின் சுருக்கம். கடை எத்தனை தலைமுறையாக நடக்கிறது, எங்கெங்கே பாகம் விழுந்தது என்பது அதன் எழுத்துகளின் நீளத்தில் படிந்திருக்கும். ஒரே நிலத்தின் அடுத்தடுத்த பதிவுகளில் ஓரெழுத்து கூடியிருந்தால் இடையில் விற்பனை நடக்காமல் பாகப்பிரிவினை நடந்திருக்கலாம் என்று முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஆனால் விலாசமும் ஏமாற்றும். ஒரே எழுத்துகள் வெவ்வேறு ஊர்களின் வெவ்வேறு குடும்பங்களுக்கு அமையக்கூடும். ஜாவியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய குமாஸ்தா ஓரெழுத்தை விட்டிருக்கலாம். எனவே விலாசத்தோடு ஊர்ப்பெயரும், கோயில் பிரிவும் சேர்ந்தால்தான் ஆள் உறுதியாகும். நகரத்தார் இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், பிள்ளையார்பட்டி முதலான ஒன்பது கோயில்களின் வழியே பிரிந்தவர்கள். ஒரே கோயிலில் ஒரே உட்பிரிவினர் பங்காளிகள்; அவர்களுக்குள் பெண் கொடுத்தல் எடுத்தல் இல்லை. கடன் யாரிடம் வாங்கலாம், பெண் யாரிடம் எடுக்கலாம், பிள்ளை யாரிடமிருந்து கூட்டலாம் என்ற மூன்றையும் தீர்மானித்தது இந்த வரைபடம்தான்.

இங்கே ஊர்ப்பேச்சில் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. பாடாங் செராய், கூலிம், சுங்கை பட்டாணி போன்ற ஊர்களில் பழைய தலைமுறை நேரில் பார்த்த செட்டியார், வெள்ளை வேட்டியும் திருநீறுமாகக் கடையில் உட்கார்ந்திருந்தவர், பெரும்பாலும் முதலாளி அல்லர். அவர் மேலாள், அதாவது செட்டிநாட்டு முதலாளியின் ஏஜெண்டு. சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு, வழக்கமாக மூன்று வருடத் தவணைக்கு வந்தவர். அவருக்குக் கீழே அடுத்தாள். அவருக்கும் கீழே கணக்கு எழுதக் கற்றுக்கொள்ளும் பெட்டியடிப் பையன். தவணை முடிந்ததும் மேலாள் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். லாபத்தில் அவருக்கு ஒரு பங்கு வெகுமதியாகக் கிடைக்கும். பிறகு வேறொருவர் கப்பலேறுவார். தோட்டத்து மக்கள் ஒருவரையே 'செட்டியார்' என்று அழைத்துக்கொண்டிருக்க, ஆள் மாறிக்கொண்டே இருந்திருப்பார். அவருக்கு ஒரு முகம் நினைவில் நிற்காததற்கு இது ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

முதலாளி ஊரில், ஏஜெண்டு கெடாவில் என்றால் நம்பிக்கை எதில் நின்றது? அதற்கு விடை பினாங்கில் இருக்கிறது. வடமலாயாச் செட்டியார் கடைகளின் மூளை பினாங்கு ஸ்திரீட்டின் கிட்டங்கிகள். நீண்ட கூடம், இருபுறமும் வரிசையாகத் தரையோடு அமைந்த சாய்வுப் பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் ஓர் ஏஜெண்டு, அவருக்குப் பின்னால் இரும்புப் பெட்டி. ஒரு கூடத்துக்குள் பல கடைகள். பக்கத்துப் பெட்டிக்காரர் யாருக்குக் கொடுக்கிறார், யார் தவணை தவறினார் என்பது மறைவாக இருக்க வழியில்லை. தண்ணீர்மலைப் பக்கம் 19ஆம் நூற்றாண்டு நடுவிலேயே எழுந்த நகரத்தார் கோயில் வழிபாட்டுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. இந்தச் சமூகம் வேரூன்றிய நகரங்களில் கடைக்காரர்கள் கோயிலில் கூடி மாதத்துக்கு மாதம் நடப்பு வட்டியை, அதாவது தங்களுக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கான அப்போதைய விகிதத்தை, பேசி முடிவுசெய்தார்கள். நாணயம் தவறியவனைத் தண்டிக்க நீதிமன்றத்துக்குப் போகுமுன் இந்தக் கூட்டமே போதுமாயிருந்தது.

கிட்டங்கியில் ஒரு பேரேட்டைத் திறந்தால் என்ன தெரியும் என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மேலே பிள்ளையார் சுழி. அன்றாட வரவு செலவு முதலில் குறிப்பில் ஏறி, அங்கிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்கு வரும். எண்கள் தமிழ் எண்கள். பின்னங்களுக்கு அரை, கால், மாகாணி என்று தனித்தனிக் குறிகள். கோயிலுக்கான மகமையும் மற்றவர் கணக்கைப் போலவே பற்று வரவோடு நடக்கும். குறித்த காலத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் திரட்டி ஐந்தொகை எடுத்து, அதாவது நிலுவைகளின் முழுத் தொகுப்பைப் போட்டு, ஊருக்கு அனுப்ப வேண்டும். கடலுக்கு அப்பால் இருக்கும் முதலாளி தன் தோட்டத்தைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். அவர் பார்த்தது ஐந்தொகையை.

அந்தப் பேரேட்டின் வரவுப் பக்கம்தான் என் தேடலைத் திருப்பிவிட்டது. முதல் பணம் என்பது முதலாளி போட்டது. அதற்கு மேல் வருவது மேல்பணம்: பங்காளிகள், சம்பந்திகள், ஊர்க்காரர்கள் வட்டிக்கு விட்டுவைத்த தொகை. கோயில்களின் தொகையும் உண்டு. இவற்றோடு 'ஆச்சிமார் பணம்' என்று தனியே ஒரு வகை உண்டு. மணமாகி வரும் பெண் கொண்டுவந்த சீதனம் வீட்டில் பூட்டிக் கிடக்கவில்லை. கடையில் அவள் பேரில் வரவாகி, வட்டி வளர்ந்து, வெளிநாட்டுக் கடைகள் வரை பாய்ந்தது. தோட்டத்தைக் கண்ணால் கண்டிராத ஆச்சிமாரின் பணம் கெடாவின் ரப்பர் நிலத்தில் புதைந்திருக்கலாம் என்று நினைக்கும்போது 'செட்டியார் தோட்டம்' என்ற பெயரின் ஒருமை தளர்கிறது. பதிவில் ஒருவர் பெயர் இருந்தாலும் பணத்தில் ஒரு சுற்றமே இருந்தது.

இந்த ஏற்பாடு எவ்வளவு பெரியது என்பதற்கு நல்ல சான்று பர்மாவில் கிடைக்கிறது. 1929-30இல் அங்கே அமைக்கப்பட்ட வங்கி விசாரணைக் குழு செட்டியார்களின் முறையை நுணுக்கமாகப் பதிவுசெய்தது. சுமார் 1,650 கடைகள், ஏறத்தாழ 75 கோடி ரூபாய் முதலீடு என்பது அதன் மதிப்பீடு. மலாயாவில் தொகை இதைவிடச் சிறியது, முறை ஒன்றே.

இனி ஒரு சங்கடமான கேள்வி. இந்தப் பணம் நிலமானது எப்படி? நிலத்தைப் பறிக்கவே வந்தார்கள் என்பது ஒரு தரப்பு. தற்செயலாகக் கையில் வந்து சேர்ந்தது என்பது இன்னொரு தரப்பு. வட்டிக்கடைக்காரருக்கு நிலம் சுமை. அது தவணைக்குத் திரும்பி வராது, ஐந்தொகையில் அசையாமல் நிற்கும். 1929க்குப் பின் ரப்பர் விலை சரிந்து, கடன் வாங்கியவர்கள் கட்ட முடியாமல் போனபோது அடமானங்கள் ஏலத்துக்கு வந்தன. வாங்க வேறு ஆளில்லாமல் கடன் கொடுத்தவரே எடுத்துக்கொண்டார். பர்மாவில் இதன் அளவு துல்லியமாகத் தெரிகிறது: கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை, 1930களின் பிற்பகுதியில் 25 விழுக்காட்டைத் தொட்டது. திட்டமிட்டு வாங்குபவர் ஏழெட்டு ஆண்டுகளில் நான்கு மடங்கு நிலத்தை வாங்குவதில்லை. ஆகவே இரண்டாம் தரப்பு வலுவானது.

ஆனால் முதல் தரப்பின் வேதனையும் பொய்யல்ல. நிலத்தை இழந்த சிறு உடைமையாளருக்கு அது வேண்டுமென்று எடுக்கப்பட்டதா, வேறு வழியின்றி எடுக்கப்பட்டதா என்பதில் வேறுபாடு இல்லை. மலாய் நாடுகளின் அரசுகள் இதைச் சட்டத்தால் எதிர்கொண்டன. கூட்டாட்சி மலாய் நாடுகளில் 1931இல் சிறு நிலங்களின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது; 1933இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் இறுக்கப்பட்டது. கெடாவின் ஒதுக்கீட்டுச் சட்டமும் ஹிஜ்ரி 1349இல் வந்ததுதான். இந்த வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், 1930களின் தொடக்கத்தில் ஒரு நிலம் செட்டியார் பேருக்கு மாறியிருப்பது செழிப்பின் அடையாளமாகத் தெரியவில்லை. கடை திணறியதன் அடையாளமாகத் தெரிகிறது.

திணறல் வந்தபோது குடும்பங்கள் என்ன செய்தன? வீட்டுக் கணக்குகள் வெளியாருக்குத் திறப்பதில்லை. ஆனாலும் செட்டிநாட்டில் பணமும் உறவும் எப்படி ஒழுங்குசெய்யப்பட்டன என்பதை வழக்கங்கள் சொல்கின்றன. திருமணத்தின்போது இரு வீட்டாரும் இசைகுடிமானம் எழுதிக்கொள்வார்கள்; இந்த இருவருக்கு மணம் இசைந்தது என்பதற்கு அது எழுத்துச் சாட்சி. மணமான மகனை 'வேறு வைப்பார்கள்': அதே பெரிய வீட்டில்தான் இருப்பான், ஆனால் அவனுக்குத் தனி அறை, தனி அடுப்பு, ஆண்டுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று அளந்து கொடுக்கப்படும். மாமியாரும் மருமகளும் ஒரே உலையில் சண்டையிட வேண்டியதில்லை, சொத்தும் பிரியவில்லை. செல்வக் குடும்பங்கள் உடையாமலிருக்க உலகெங்கும் ஆயிரம் வழிகள் தேடப்பட்டிருக்கின்றன. அடுப்பைப் பிரித்து முதலைச் சேர்த்துவைத்த இந்த வழி அவற்றில் மிகவும் புத்திசாலித்தனமான ஒன்று என்று நான் மதிக்கிறேன்.

ஆண் வாரிசு இல்லாவிட்டால் பிள்ளை கூட்டுவார்கள், அதாவது தத்தெடுப்பார்கள். விலாசத்தைத் தொடரவும் கோயிலில் புள்ளியை, அதாவது குடும்பத்தின் கணக்கை, காக்கவும் ஒரு பிள்ளை வேண்டும். இது உணர்ச்சியோடு தொழிலும் கலந்த ஏற்பாடு.

வழக்கங்கள் பொதுவிதியைச் சொல்லும்; ஒரு குடும்பத்துக்குள் உண்மையில் நடந்ததைச் சொல்லாது. குடும்பக் காகிதம் பொதுக் காகிதமாக மாறுவது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்: வழக்கு நடக்கும்போது. ஆகவே அடுத்த தடயத்தைச் சட்டத் தீர்ப்புத் தொகுதிகளில் தேட வேண்டியதாயிற்று. அங்கே ஒரு நகரத்தார் குடும்பம் மூன்று நீதிமன்றங்களின் பக்கங்களில் மீண்டும் மீண்டும் தலைகாட்டியது.

அருணாசலம் செட்டியார் என்பவரும் அவர் மகனும் பிரிவுபடாத இந்துக் கூட்டுக் குடும்பம். இந்தியாவிலும் இலங்கையிலும் தூரக்கிழக்கு நாடுகளிலும் அவர்களுக்குத் தொழில் இருந்தது. கெடாவின் செட்டியார் கடைகளைப் பெற்றெடுத்த அதே வகைக் குடும்பம். மகன் 1934 ஜூலை 9 அன்று இறந்தார். தந்தை 1938 பிப்ரவரி 23 அன்று இறந்தார். அத்தோடு வீட்டில் எஞ்சியவர்கள் பெண்கள்: தந்தையின் மனைவியர், மகனின் இளம் மனைவி உமையாள் ஆச்சி. இரு மரணங்களுக்கும் இடையே, 1937இல், இந்தியாவில் இந்துப் பெண்களின் சொத்துரிமைச் சட்டம் வந்திருந்தது. கணவனின் தனிச் சொத்தில் மனைவிக்கும், முன்னரே இறந்த மகனின் மனைவிக்கும் பங்கு உண்டு என்றது அது.

உமையாள் ஆச்சி அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்து வழக்காடினார். எதிர்த் தரப்பில் மாமியார் முறையான லட்சுமி ஆச்சி. வழக்கு டில்லியின் கூட்டாட்சி நீதிமன்றம் வரை போய் 1945இல் தீர்ப்பானது. கேள்வி ஒன்றுதான்: மகனும் இறந்தபின் கூட்டுக் குடும்பத்தின் ஒரே ஆணாக நின்ற அருணாசலம் செட்டியாரிடம் இருந்த சொத்து அவருடைய தனிச் சொத்தா? தனிச் சொத்து என்றால் மருமகளுக்குப் பங்கு உண்டு. நீதிமன்றம் அல்ல என்றது. கடைசி ஆணின் கையில் எஞ்சியதால் மட்டும் குடும்பச் சொத்து அந்தச் சட்டம் சொல்லும் தனிச் சொத்தாகிவிடாது. மருமகளின் கோரிக்கை தோற்றது.

இந்த இடத்தில் வழக்கை மூடிவைத்திருந்தால் பெண்ணுக்கு உரிமை மறுத்த இன்னொரு தீர்ப்பு என்று மட்டும் குறித்துக்கொண்டிருப்பேன். இன்னொரு தொகுதி அந்த முடிவைத் திருத்தியது. இலங்கையில் இருந்த சொத்துக்கு அந்நாட்டு அரசு மரண வரி கேட்டிருந்தது. தந்தை இறப்பதற்குச் சற்று முன்புதான் 1938ஆம் ஆண்டின் 1ஆம் எண் சட்டம் அங்கே நடப்புக்கு வந்தது. அதன் 73ஆம் பிரிவு இந்துக் கூட்டுக் குடும்ப உறுப்பினரின் மரணத்தில் கைமாறும் கூட்டுச் சொத்துக்கு விலக்கு அளித்தது. அரசின் வாதம் எளியது: வீட்டில் ஒரே ஓர் ஆண், அவரோடு கூட்டாளி யாருமில்லை, கூட்டு எங்கே இருக்கிறது? மகனின் மரணம், தந்தையின் மரணம் இரண்டுமே தனித்தனி வழக்குகளாக லண்டனின் பிரிவி கவுன்சில் வரை சென்றன. 1957இல் தீர்ப்பு வந்தது. தந்தையின் வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்னதன் சாரம் இது: ஒரே ஆண் எஞ்சினாலும் குடும்பம் முடிந்துவிடவில்லை. அந்த வீட்டில் விதவைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பராமரிப்பு உரிமை இருக்கிறது. அவர்கள் பிள்ளை கூட்டினால் அந்தப் பிள்ளை கூட்டுரிமையாளனாகிவிடுவான். ஆகவே சொத்து கூட்டுச் சொத்தே. வரி இல்லை.

இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்தால் தெரிவது இது. இரண்டும் நின்றது ஒரே அடித்தளத்தில்: சொத்து தனிச் சொத்து அல்ல, குடும்பச் சொத்து. 1945இல் அந்த அடித்தளம் மருமகளுக்குப் பங்கை மறுத்தது. 1957இல் அதே அடித்தளம் வரியிலிருந்து சொத்தைக் காத்தது; அதைக் காத்த கூட்டுக் குடும்பமோ சட்டத்தின் கண்ணில் உயிரோடு இருந்ததற்குக் காரணம் அந்தப் பெண்களே. பங்கு கேட்டபோது கணக்கில் வராதவர்கள், குடும்பம் இருக்கிறதா என்று கேட்டபோது அதன் சான்றாக நின்றார்கள். இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 1966இல் கௌலி புத்தண்ணா வழக்கில் இந்த வாதத்தைத் தழுவியது. இன்றும் கூட்டுக் குடும்ப வருமான வரி பற்றிப் பேசும் வழக்கறிஞர்கள் அந்த ஆச்சிமாரின் பெயர் தெரியாமலே அவர்களின் நிழலில் நின்று வாதாடுகிறார்கள்.

இந்த வெளிச்சத்தோடு கெடாவுக்குத் திரும்பலாம். ஒரு நிலம் 'செட்டியார்' பேரில் இருந்தது என்றால் அதன் பின்னே குறைந்தது நான்கு வகை மனிதர்கள் இருந்தார்கள் என்று இப்போது சொல்ல முடியும். பதிவில் நின்ற முதலாளி, பவர் பத்திரத்தில் கையெழுத்திட்ட மேலாள், மேல்பணம் போட்ட உறவினர், நிலப் பதிவில் பெயரில்லாமல் பணம் வைத்த ஆச்சிமார். முதலாளி இறந்தால் நிலம் உடனே விற்பனைக்கு வராமல் ஆண்டுக்கணக்கில் அசையாது கிடந்ததற்கு, ஊரில் பாகம் முடியாததோ பிள்ளை கூட்டாததோ காரணமாக இருக்கக்கூடும். தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் கூரை மாற்றப்படாததற்கும் காரணம் அந்த வீட்டு வழக்காக இருக்கலாம். செல்வக் குடும்பத்தின் உள்வீட்டுச் சிக்கல் கடலைத் தாண்டி இன்னொருவர் அடுப்பு வரை வருவது இப்படித்தான்.

பிறகு வந்த சரிவு விரைவானது. 1937இல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஒரே நாளில் கிளை திறந்தார். விரைவில் பினாங்கிலும் கிளை வந்தது. உறவை நம்பிய பணம் பங்குச் சீட்டை நம்பத் தொடங்கியது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்தார்கள். அவர்கள் அச்சிட்ட நோட்டு நாளுக்கு நாள் மதிப்பிழக்க, பழைய கடன்கள் அந்த நோட்டிலேயே திருப்பிக் கட்டப்பட்டன. போருக்குப் பின் 1948இல் வந்த கடனாளி, கடன்கொடுத்தோர் பற்றிய சட்டம் ஆக்கிரமிப்புக் காலத்தில் கட்டிய தொகைக்குக் காலவாரியாக மதிப்பு நிர்ணயித்தது. அந்த ஆண்டுகளின் பேரேட்டைப் படிப்பவர் அந்த அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் ஒரு வரியைக்கூட நம்பக் கூடாது. அதே 1948இல் பர்மா நிலத்தை அரசுடைமையாக்கியது. 1951இல் மலாயாவில் வட்டிக்கடைச் சட்டம் வந்தது. விடுதலைக்குப் பின் 1968இன் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு கேட்டது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றும் மேலாள் முறை அதற்குமேல் நிற்க வழியில்லை.

இதே காலத்தில் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டன. வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்க, வியாபாரிகள் வாங்கிக் கூறுபோட்டு விற்றார்கள். வாங்கி விற்றவர்களில் சீனரும் இருந்தார்கள், செட்டியார்களும் இருந்தார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பொருளியலாளர் உங்கு அசீஸ் தலைமையில் ஆராய்ந்த அறிக்கை 1962இல் வெளிவந்தது. வேலையும் வீடும் ஒருசேர இழந்தவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள்.

அவர்களுக்காக மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த வி.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பங்கு ஒன்று 100 வெள்ளி; மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாகச் சென்று அவர் சேர்த்த அந்தப் பணத்தில் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். பல கைகளின் சிறு தொகையைச் சேர்த்து, நம்பிக்கையில் ஒருவரிடம் ஒப்படைத்து, தொலைவில் இருக்கும் நிலத்தை வாங்குவது கிட்டங்கியின் மேல்பணம் செய்ததே. வேறுபாடு இரண்டு. இங்கே பணம் போட்டவர்கள் அந்த மண்ணிலேயே வேலை செய்தவர்கள். போட்ட ஒவ்வொருவர் பெயரும், பெண்கள் பெயர் உட்பட, உறுப்பினர் பதிவேட்டில் ஏறியது.

ஆகவே 'செட்டியார் தோட்டத்துச் செட்டியார் யார்' என்ற கேள்விக்கு ஒற்றைப் பெயர் விடையாகாது என்று நான் கருதுகிறேன். விடை ஒரு குடும்பம். அதிலும் பதிவேட்டில் இல்லாத பகுதியே பெரியது. அதைக் கண்டறிய கூலிம் நில அலுவலகத்தின் ஜாவிப் பத்திரமும் செட்டிநாட்டு வீட்டின் பேரேடும் ஒரே மேசையில் விரிய வேண்டும். முதலாவது அரசின் காப்பில் பத்திரமாக இருக்கிறது. இரண்டாவது வீடுகள் இடியும்போதும் பாகம் பிரியும்போதும் பழைய காகிதமாக எடைக்குப் போகிறது. உங்கள் வீட்டில் மலாயாக் கடைக் கணக்கு ஒரு கட்டு இருந்தால், வெட்கப்படவும் வேண்டாம், பெருமைப்படவும் வேண்டாம். பிரித்துப் படம் எடுத்து வையுங்கள். பாடாங் செராய்ப் பக்கம் நிலநிதிப் பங்குச் சீட்டோ சம்பளச் சிட்டையோ பரணில் கிடந்தால் அதையும் எடுத்து வையுங்கள். பணத்தைப் போட்டவர் கணக்கும் உழைப்பைப் போட்டவர் கணக்கும் சேர்ந்து கிடைத்தால்தான் அந்த மண்ணின் ஐந்தொகையைச் சரியாக எடுக்க முடியும்.